நோய் காட்டாத கோழிகள்

ஜூன் 3, செவ்வாய்

செல் எடுப்பதற்காகக் கருக்கூடிய கோழிமுட்டைகள் கொண்டுவரும் வண்டி இன்று வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. காலையிலிருந்து கையுறையும் முகமூடியுமாகக் காத்துக் கிடந்த எரிச்சலை எல்லாம் டிரைவர் மேல் கொட்டினேன். பாவம், வழியில் டயர் பஞ்சராம். அப்புறம் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கோழி செல்களை வளர்ப்பது, அவற்றுக்கு நோய் கொடுப்பது, எப்படிச் சாகின்றன என்று பார்ப்பது. இந்த ஆய்வகத்தில் என் வேலை இவ்வளவுதான். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். அதற்குமேல் கேள்வி வராது. நாமக்கல்லைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கோழிப்பண்ணை என்பதால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

போன வாரம் வந்த மாதிரி ஒன்றில் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் இருந்தது. இங்கே அது புதிதில்லை, தடுப்பூசி வைரஸாகவும் இருக்கலாம், எந்த வகை என்று சோதித்த பிறகுதான் அறிக்கை. மாதிரிகளுக்கு எண் மட்டும்தான் போடுவோம். எந்தப் பண்ணையுடையது என்று ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது, கொண்டுவந்து கொடுத்தவரிடம் மட்டுமே முடிவைச் சொல்வோம். எங்கள் தலைவர் வசுமதி மேடம் வைத்த சட்டம் இது. நோய் என்று வெளியே தெரிந்தால் எந்த வியாபாரியும் அந்தப் பண்ணைப் பக்கம் தலைகாட்ட மாட்டான். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஒருத்தரும் மாதிரி கொடுக்க மாட்டார்கள்.

இந்த மாதிரியைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர் நல்லசிவம். கால்நடை மருத்துவர், இந்தப் பக்கத்துப் பண்ணைகள் பலவற்றுக்கு அவர்தான் டாக்டர். எந்தப் பண்ணை என்று நான் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த சட்டம் அது ஒன்றுதான்.

தம்பி பூபாலன் போன் செய்தான். புது ஷெட்டில் கூண்டு பூட்டி முடித்துவிட்டானாம். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து அப்பாவின் காட்டு நிலத்தில் இதைக் கட்டியிருக்கிறான். இது கைகொடுக்காவிட்டால் அவனுக்கும் அவன் மனைவி சுகந்திக்கும் வேறு போக்கில்லை. எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜூன் 6

செல்களில் பூஞ்சை. அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் தோசை மாவும் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

இன்று கையில் கிடைத்ததைப் பார்த்ததும் முதலில் என் மேல்தான் சந்தேகம் வந்தது.

ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்துவிட்டால் அந்தச் செல் கூப்பாடு போடும். இன்டர்ஃபெரான் என்பது அந்தக் கூப்பாடுதான். தான் பிழைக்காவிட்டாலும் அக்கம்பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளட்டும் என்று அது கத்துகிறது. கூப்பாடு வாசலுக்கு வந்தால் போதாது, செய்தியை உள்ளே நடுவீடு வரைக்கும் கொண்டுபோக ஆள் வேண்டும். ஸ்டாட் என்றொரு புரதம் அந்த வேலையைச் செய்கிறது.

வெள்ளைக்கழிச்சல் வைரஸிடம் வி என்று ஒரு புரதம் இருக்கிறது. சரியான கில்லாடி. கூப்பாடு எழாமலும் அமுக்கப் பார்க்கும், செய்தி கொண்டுபோகும் ஸ்டாட்டையும் ஒழித்துக்கட்டும். அதையும் தன் கையால் செய்யாது. பழுதான புரதங்களை அரைத்துத் தள்ள ஒவ்வொரு செல்லிலும் ஓர் ஏற்பாடு உண்டு. நல்ல ஸ்டாட்டின் மேல் குப்பை என்று முத்திரை விழும்படி செய்துவிட்டு வி ஒதுங்கிக்கொள்ளும். மிச்சத்தை வீட்டு ஆட்களே முடித்துவிடுவார்கள். படித்த நாளிலிருந்து எனக்கு இதில்தான் ஆத்திரம். கொல்வதென்றால் தானே கொல்ல வேண்டியதுதானே.

செல்லில் ஒரு புரதம் இருந்தால் சோதனைத் தாளில் அதற்கென்று ஒரு கோடு விழும். பழைய வைரஸ்களை வைத்துச் சோதித்தால் ஸ்டாட்டின் கோடு தாளில் மெல்ல மெல்ல மங்கும். இந்த மாதிரியில் முதல் நாளே கோடு இல்லை. பக்கத்தில் சரிபார்க்கப் போட்ட வேறொரு புரதத்தின் கோடு பளிச்சென்று விழுந்திருக்கிறது, ஆகவே செல் சாற்றை நான் குறைத்துப் போட்டுவிடவில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்துவிட்டு, திரும்பச் செய் என்றார்.

ஜூன் 13

திரும்பச் செய்தேன். அதேதான்.

ஜூன் 18, புதன்

சோதனைக்காக ஆய்வகத்துத் தனிக்கொட்டகையில் வளர்க்கும் கோழிகளுக்குப் போன வாரம் இந்த வைரஸைக் கொடுத்திருந்தோம். தினமும் போய்ப் பார்த்தேன். தீவனம் தின்றன, தண்ணீர் குடித்தன, கொண்டை சிவப்பாக நின்றது, கழிச்சல் இல்லை, சளி இல்லை. ஆனால் தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்துப் பார்த்தால் வைரஸ் கொட்டிக் கிடந்தது. உடம்புக்குள் கூப்பாடு எழாததால் கோழிக்கே தனக்கு நோய் என்று தெரியவில்லை. இன்று காலை கதவைத் திறந்தபோது பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன.

நல்ல கோழி என்று நம்பி ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கினால் என்ன ஆகும்? ஒரு பண்ணைக்காரர் விடாமல் எல்லோருக்கும் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று மேடத்திடம் குதித்தேன். முடிவைச் சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் கொடுப்பதுதான் முறை, பண்ணைக்காரருக்கும் கால்நடைத் துறைக்கும் அவர் சொல்லுவார் என்றார் மேடம். உன் வீட்டுக்காரர்தானே, இன்னும் நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார்.

இரவு வீட்டில் சாப்பிட உட்காரும்போதே அவரிடம் அறிக்கையைக் கொடுத்தேன். ஒருமுறைக்கு இருமுறை படித்தார். இதில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். கையெழுத்து மேடத்துடையது, வேலை என்னுடையது என்றேன். பூபாலனுக்கு முதலில் சொல்லிவிடுங்கள், கோழி வாங்கும் அவசரத்தில் இருக்கிறான் என்றும் சொன்னேன்.

"உன்ற தம்பிக்குச் சொல்லாமயா? எல்லாத்துக்கும் நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். நீ யாருக்கும் போன் பண்ணிப்போடாத அமுதா, சனம் மெரண்டு போயிரும்."

பெரிய பாரம் இறங்கியது. ஊரெல்லாம் செய்தி கொண்டுபோக வீட்டிலேயே ஆள் இருக்கிறார். பாதித் தட்டில் அவர் எழுந்துவிட்டார், கத்தரிக்காய் காரல் போலிருக்கிறது.

ஜூன் 20

காலையில் அவரே காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று இந்த மனிதருக்குத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி பற்றியும் கேட்டார். கோழி அறிகுறி காட்டாமல் எத்தனை நாள் தாங்கும், வயதுக்கு வயது மாறுமா, நடுவில் தடுப்பூசி போட்டால் பிழைக்குமா. செய்தித்தாள் ஓரத்தில் படம் போட்டு விளக்கினேன். என் வேலையை அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை. எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பூபாலன் ஷெட்டுக்குக் கோழி இறங்கியது. முட்டையிடும் பருவத்துக் கோழிகள். முன்பணம் கொடுத்த இடத்தில் இழுத்தடிக்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர்தான் வேறு இடத்தில் பேசி உடனே ஏற்பாடு செய்திருக்கிறார். எங்கே எடுத்தது என்று கேட்டேன். தெரிந்த இடம்தான் என்றார்.

லாரி வந்ததும் இவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நாலைந்து பண்ணைக்குள் போய் வந்த கால், உள்ளே வரக்கூடாது என்று காரணம் சொன்னார். இந்த ஒழுங்கு எல்லோருக்கும் இருந்தால் எங்கள் ஆய்வகத்தை மூடிவிடலாம். நீ போய்ப் பாரு என்று என்னை அனுப்பினார்.

முதல் கூண்டைத் திறக்கும் முன்னால் பூபாலன் நிறுத்தினான். "அக்கா, நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு. நீ செரின்னா எறக்கறேன்." நாலைந்து கோழிகளைக் கையில் எடுத்தேன். கண் தெளிவு, கொண்டை சிவப்பு, இறகு படிந்து கிடந்தது, பின்பக்கம் சுத்தம். நல்ல கோழிடா, கண் மூடி இறக்கு என்றேன். சுகந்தி கற்பூரம் ஏற்றினாள். கேட்டருகே திரும்பிப் பார்த்தபோது இவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

பூபாலனுக்கு இவர் நோயைப் பற்றிச் சொல்லியிருப்பார், அதனால்தான் என்னைப் பார்க்கச் சொன்னான் என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பண்ணையில் நோய் என்று தெரிந்தவரே எடுத்துக் கொடுத்த கோழி, கண்ணால் பார்த்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 24

சுகந்தி முதல் முட்டையைக் கையில் ஏந்திப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கோழியை விட அவள் முகத்தில்தான் பெருமை அதிகம்.

ஜூன் 29, ஞாயிறு

போய்விட்டது.

காலையில் சுகந்தி போனில் அழுதது எனக்கு விளங்கவே இல்லை. போய்ப் பார்த்தால் கூண்டுக்குக் கூண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு கிடக்கின்றன. உயிரோடு இருப்பவை, பக்கத்தில் கிடக்கும் பிணத்தின் மேல் நின்றுகொண்டு தீவனம் தின்கின்றன. பூபாலன் செத்ததை எடுத்து எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தான்.

பஞ்சில் மாதிரி எடுத்துக்கொண்டு நேரே ஆய்வகத்துக்கு வந்தேன். அவசரத்தில் குழாய் ஒன்று உடைந்துவிட்டது.

ஜூலை 2

அதே வைரஸ். ஸ்டாட்டின் கோடு அதே வேகத்தில் காணாமல் போகிறது. வி புரதத்தின் மரபணுவைப் படித்துப் பார்த்தோம், முதலில் வந்த மாதிரிக்கும் இதற்கும் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எப்படி வந்திருக்கும் என்று வீட்டில் இவரைக் கேட்டேன். காக்கை கொண்டுவந்திருக்கும், இல்லாவிட்டால் கழுவாத முட்டை அட்டை என்றார். இருக்கலாம். பூபாலனின் ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் காக்கைகள் நிறைய. மரத்தை வெட்டச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். ஆமாம் என்றார்.

இன்னும் ஒன்று எழுதலாம் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம்.

ஜூலை 4, வெள்ளி

அர்த்தநாரி ஆய்வகத்துக்கு வந்தார். இந்த வட்டாரத்தில் பெரிய பண்ணை அவருடையது. கோழி வளர்த்து முட்டைப் பருவத்தில் சிறு பண்ணைகளுக்கு விற்பவரும் அவர்தான். வந்த வேகத்தில் செத்த கோழி மூட்டையை வாசலிலேயே இறக்கிவிட்டு என்னைத்தான் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்கம்மணி, மே மாசம் டாக்டர் கொண்டாந்து குடுத்தது என்ற பண்ணைச் சாம்பிளுங்க. வெறும் சளின்னு நீங்க பாத்துச் சொன்னதாச் சொன்னாருங்க. இப்ப ஷெட்டே காலியாகுது. இதைப் படிச்சவங்க சொல்ற சொல்லுன்னு நம்பிப்போட்டனே."

மேடம்தான் அவரை உட்கார வைத்தார். அறிக்கை அவரிடம் போய்ச் சேரவே இல்லை. மேடம் அங்கேயே துறைக்குப் போன் போட்டார். பதினெட்டாம் தேதிதான் டாக்டரிடம் கொடுத்தோமே என்றார். அப்படி எந்தத் தகவலும் வரவில்லை என்றார்கள். அர்த்தநாரி கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூபாலனுக்கு ஏற்றி விட்டதுகூட அந்த ஷெட்டுக் கோழிதான், டாக்டர்தான் அவசரப்படுத்தினார், இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்றார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

மாலை

கேட்டேன். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. அர்த்தநாரி பண்ணைக்குத் தடுப்பூசி போட்டது இவர். மருந்தை ஐஸ் இல்லாமல் வண்டியில் கிடக்க விட்டிருக்கிறார், அது வீரியம் செத்த மருந்து என்று தெரிந்தும் தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறார். நோய் என்று அறிக்கை போனால் முதல் கேள்வி இவரிடம் வரும். சளி என்று சொல்லிவிட்டு, திரும்ப ஒரு தடவை தடுப்பூசி போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று பார்த்திருக்கிறார். அதற்குள் அந்த ஷெட் காலியானால் நல்லது. வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தான்.

மாதிரி எடுத்தது ஒரு வரிசையில், பூபாலனுக்குப் போனது வேறு வரிசை, அதற்குப் பரவியிருக்காது என்று நினைத்தாராம். நான் படம் போட்டு விளக்கியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள் என்றேன். நான் விடவில்லை, என் வாய் நீளம் ஊருக்கே தெரியும். கடைசியில் அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"நல்ல கோழின்னு நானா சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா? கையில எடுத்துப் பாத்து எறக்கச் சொன்னது நீ."

உண்மைதான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குத்தான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். என் கண், என் படிப்பு, என் தம்பி என் மேல் வைத்த நம்பிக்கை, எல்லாம் என்னுடையவை. அவருடையது எதுவும் செலவாகவில்லை. இப்படி ஒருத்தரோடு இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். நான் ஏமாந்துபோனேன், வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 5

பூபாலன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை, சளி, அர்த்தநாரி, ஐஸ் இல்லாத மருந்து. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். அவனுக்குப் பின்னால், குழி வெட்டிக்கொண்டிருந்தவர்களோடு இவரும் நின்றார். காலையில் எனக்கு முன்பே கிளம்பி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். அழுதும் இருக்கிறார், கண் சிவந்து கிடந்தது. நடிப்பாக இருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும், அது நிஜ அழுகை.

"மச்சானைப் பத்தி ஒண்ணும் சொல்லாதக்கா. மூணு நாளா அவருதான் கூட நிக்கறாரு. நீ பாத்துச் சொன்ன, நான் எறக்குனேன். உன்ன நான் ஏதாச்சும் கேட்டனா? அப்பறம் எதுக்கு அடுத்தவங்க மேல பழியப் போடற?"

நான் அவரைப் பார்த்தேன். குழியைப் பார்த்துக்கொண்டு அவர் சுண்ணாம்பு தூவினார்.

ஜூலை 7, திங்கள்

துறை ஆட்கள் அர்த்தநாரி பண்ணைக்கு வந்து சீல் வைத்துவிட்டார்கள். பூபாலன் ஷெட்டுக்கும் மற்ற பண்ணைகளுக்கும் அறிவிப்பு வர நாளாகும். அதற்குள் கோழி கைமாறக்கூடாது. மேடத்திடம் சொல்லிவிட்டு லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தேன். இவர் வண்டி ஓட்டும்போது போனை எடுத்துப் பேசுவது நான்தான், பண்ணைக்காரர்களின் நம்பர் எல்லாம் என்னிடமும் இருக்கிறது.

முதல் ஆளிடம் ஆய்வகத்திலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கி விளக்கினேன். கோழி நோய் காட்டாது, ஆனால் நோய் இருக்கும், விற்கவும் வேண்டாம் வாங்கவும் வேண்டாம் என்றேன். என் கோழி நன்றாகத்தான் இருக்கிறது, நோய் என்றால் டாக்டர் சொல்லியிருப்பாரே என்றார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது ஆள், யார் பேசுவது என்றே மூன்று தடவை கேட்டார்.

நான்காவது ஆளிடம், டாக்டர் சொல்லச் சொன்னார் என்றேன்.

"அப்படீங்களா? இப்பவே கேட்டைச் சாத்திப்போடறனுங்க."

அதற்கப்புறம் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். முதல் மூவருக்கும் திரும்ப அடித்து அதையே சொன்னேன். ஒருத்தர்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அந்த மனிதர் இருப்பதால்தான் நாங்கள் பிழைக்கிறோம் என்று ஓர் அம்மா தழுதழுத்தார். நன்றி சொன்னதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். இவர் அடுத்த அறையில் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மத்தியானம் சுகந்தியிடமிருந்து தகவல் வந்தது. சாகாமல் நிற்கும் கோழிகள் தெளிவாக இருக்கின்றனவாம், அண்ணன் சொன்னபடி நாளைக்குக் கறிக்கடை வியாபாரிக்கு ஏற்றிவிடப் போகிறார்களாம். அண்ணன் என்றால் அவளுடைய சொந்த அண்ணன், ராசிபுரத்தில் இருக்கிறான், ஒன்றும் தெரியாதவன். அந்த வண்டி கிளம்பினால் போகிற வழியெல்லாம் வைரஸ். பூபாலன் மேல் கேஸும் வரும்.

பூபாலனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். சுகந்தியும் எடுக்கவில்லை. நேரில் போனால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த அறைக்குப் போனேன். கட்டிலின் மேல் கிடந்த இவருடைய போனை எடுத்து அதிலிருந்து பூபாலனுக்கு அடித்தேன். முதல் மணி முழுதாக அடிக்கும் முன்னால் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மச்சான்."

எத்தனை நாளைக்கு அப்புறம் அவன் குரலில் அந்தத் தெம்பு. சின்ன வயதில் என்னிடம் அப்படித்தான் பேசுவான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தக் கோழிகளை வண்டியில் ஏற்றக்கூடாது என்று சொல்லுங்கள் என்று இவரிடம் கொடுத்தேன்.